மாடித் தொட்டி ஆமை

லிங்கராஜ் ஆமையை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். நாய்களுக்கு ஊசி போட வந்திருந்த கூட்டம் கலையும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்தார். பை மெல்ல அசைந்தது.

“டாக்டரம்மா, இதுக்கு வலியில்லாம ஒரு ஊசி போட்டு முடிச்சிருங்க.”

ஜெபிஷா பையை விலக்கிப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பெண் ஆமை. ஓடு கரும்பச்சை, கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புக் கோடு. வண்ணமீன் கடைகளில் தீப்பெட்டி அளவில் குட்டியாக விற்கிறார்களே, அதே வெளிநாட்டு இனம்தான். நன்றாக வளர்ந்தால் இந்த அளவுக்கு வரும். அவள் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் தூக்கினாள். கண்கள் தெளிவாக இருந்தன. மூக்கில் சளி இல்லை. ஓட்டை விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். எங்கும் மெதுமெதுப்பு இல்லை.

“இதுக்கு ஒரு நோயும் இல்லையே, அண்ணாச்சி.”

“இதுக்கு இல்லம்மா. எம் பையனுக்கு.”

லிங்கராஜுக்குச் சொந்த ஊர் உடன்குடி. தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். மகள் ஜெயபிரியா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குப் பின் வெகுநாள் கழித்துப் பிறந்த பையனுக்குப் பத்து மாதம். தாத்தா பெயரைச் சிவனணைந்தபெருமாள் என்று முழுசாக வைத்துவிட்டு, வீட்டில் பெருமாள் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெருமாள்தான் இப்போது காய்ச்சலும் இரத்தபேதியுமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பரிசோதனையில் குடலைத் தாக்கும் சால்மொனெல்லா கிருமி என்று வந்திருந்தது. வீட்டில் ஆமை, ஓணான் மாதிரி எதுவும் வளர்க்கிறீர்களா என்று குழந்தைகள் டாக்டர் கேட்டிருக்கிறார். லிங்கராஜ் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி இசக்கிசெல்வி பதில் சொல்லிவிட்டாள். பையன் வீடு திரும்பும்போது அந்த ஆமை அங்கே இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

“அவ தம்பி சங்கரபாண்டி, கொளத்துல கொண்டு விட்டுருங்க மச்சான்னு சொல்லுதான். எனக்கு மனசு கேக்கல. நாயி, காக்கா புடுங்கிப் போட்டா? அதான் இங்கன கொண்டுவந்தேன்.”

“குளத்துல விட்டுராதீங்க. இது நம்ம ஊரு ஆமை இல்ல. இதுவும் கஷ்டப்படும், அங்க இருக்குற ஆமைக்கும் எரை இல்லாம ஆக்கிரும்” என்றாள் ஜெபிஷா. “கொல்லவும் வேண்டாம். இதைக் கொன்னா பையனுக்குச் சரியாகிருமா? ஆமை குடல்ல அந்தக் கிருமி சாதாரணமா இருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ணாது. இதுகிட்ட இருக்கான்னு முதல்ல பாப்போம். அதுவரைக்கும் இங்கயே கெடக்கட்டும்.”

லிங்கராஜ் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஜெபிஷா நாசரேத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, தூத்துக்குடியில் பாளையங்கோட்டை ரோட்டை ஒட்டிய தெருவில் கிளினிக் வைத்திருந்தாள். கூடவே வீட்டில் வளர்க்கும் ஆமைகளின் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விளாத்திகுளம் பக்கம் ஆட்டுக்கு வருகிற நோயைப் பார்க்கவே ஆளில்லை, நீ ஆமைக்குப் பின்னால் போகிறாயே என்று உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். மாதிரி கிடைப்பதும் லேசாக இல்லை. ஆமை என்று சொன்னதும் வனத்துறை ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். தானாக ஓர் ஆமையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

எங்கே வைத்து வளர்க்கிறீர்கள் என்று கேட்டாள். மொட்டை மாடியில், சிமெண்ட் தொட்டியில். நாகர்கோவிலில் கல்லூரி படிக்கும்போது வாங்கியது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூட இருக்கிறது. தொட்டியை அவரே கழுவுவார். மாடிக் குழாயில் தண்ணீர், தனி பிரஷ், கழுவிய தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். மனைவி மாடிப்பக்கமே வரமாட்டாள்.

“மக?”

“தள்ளி நின்னு பாக்கும். கிட்ட விடமாட்டேன். கடிச்சி வச்சிருச்சின்னா?”

“கழுவிட்டுக் கீழ போய்ப் பையனத் தூக்குவீங்களா?”

லிங்கராஜ் யோசித்தார். “சோப்பு போட்டுத்தான் தூக்குவேன். ஆனா எப்பவும் போட்டேனான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.”

அந்தப் பதில் ஜெபிஷாவுக்குப் பிடித்திருந்தது. பஞ்சுக் குச்சியால் ஆமையின் வால்பக்கத்தில் மாதிரி எடுத்து, ஆமையைப் பின்னறைத் தொட்டியில் விட்டாள்.

முடிவு வந்தபோது கிருமி இருந்தது. ஜெபிஷா போன் செய்தாள். லிங்கராஜ் கேட்டுக்கொண்டார். போன் கைமாறும் சத்தம் கேட்டது.

“அப்ப இதுதான். இல்லையா டாக்டர்?” என்றாள் இசக்கிசெல்வி.

“இதா இருக்கலாம். இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது. இந்தக் கிருமியில வகை நெறைய இருக்கு. பையன்கிட்ட இருக்குறதும் இதுகிட்ட இருக்குறதும் ஒரே வகையான்னு பாக்கணும். வெளியூர் லேபுக்கு அனுப்பணும், கொஞ்சம் நாளாகும்.”

“எனக்கு வகையெல்லாம் வேண்டாம். எம் பிள்ளைக்கு வந்தது வந்துட்டு. அது திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் ஜெபிஷாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் குழந்தைகள் டாக்டரிடம் கேட்டு, பையனிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமியை வாங்கினாள். அதையும் லிங்கராஜ் ஆமையின் கிருமியையும், வேறு இடங்களில் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தவற்றோடு சேர்த்து அனுப்பிவைத்தாள்.

பெருமாள் குணமாகி வீடு வந்தான். அதற்குள் இசக்கிசெல்வி ஆள் வைத்து மாடித் தொட்டியை உடைத்து, தரை முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தாள். லிங்கராஜ் கடை அடைத்ததும் கிளினிக்குக்கு வந்து, ஆமையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அதைத் தொடவில்லை. அதன் தண்ணீர் சூடு பற்றி ஏதாவது கேட்பார். வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவ சொல்லுததும் சரிதான” என்று மட்டும் சொல்வார்.

பிறகு ஒருநாள் காலையில் போன் செய்தார்.

“பையனுக்குத் திரும்பவும் வந்துட்டும்மா. அதே மாதிரி. இரத்தம் போகுது. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம்.”

ஜெபிஷா பின்னறையைப் பார்த்தாள். ஆமை செங்கல்மேல் ஏறி, விளக்குச் சூட்டில் கழுத்தை நீட்டிக் கிடந்தது. இத்தனை நாளும் அது இங்கேதான் இருந்தது. ஒருமுறை அடங்கிய கிருமி சின்னப் பிள்ளைகளுக்கு மறுபடி தலைதூக்குவது உண்டு என்று குழந்தைகள் டாக்டர் சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்று ஜெபிஷாவும் நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அந்த வாரமே லேபிலிருந்து மெயில் வந்தது. லிங்கராஜ் ஆமையின் கிருமி ஒரு வகை, பையனுடையது வேறு வகை. பையனுடைய வகை அவள் அனுப்பியவற்றில் இன்னொரு இடத்தில் மட்டும் இருந்தது. பாஸ்கல் கடைக் குட்டிகளில்.

பாஸ்கல் பழைய துறைமுகத்துப் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருந்தார். ஆமைக் குட்டிகள் அவருக்குச் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரும். கடை பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று சொல்லித்தான் ஜெபிஷாவை மாதிரி எடுக்க விட்டிருந்தார். அவள் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

“யாருக்குக் குடுத்தேன்னு எப்படி மேடம் ஞாபகம் இருக்கும்? மீன் வாங்க வாரவங்க பிள்ளைக்கு வேணும்னு அதையும் கேப்பாங்க. தண்ணியோட கவர்ல போட்டு, ஒரு பொட்டலம் காஞ்ச எறாலும் குடுத்து விடுவேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பிள்ள எப்படி இருக்கு?”

“ஆஸ்பத்திரில இருக்கு. இப்ப பரவால்ல.”

பாஸ்கல் கண்ணாடித் தொட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த குட்டிகளைப் பார்த்தார். இனி இந்தச் சரக்கு எடுக்கமாட்டேன் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று ஜெபிஷா கேட்கவில்லை.

பெருமாள் இரண்டாவது தடவை வீடு வந்தபிறகு, ஒரு சாயங்காலம் அவள் லிங்கராஜ் வீட்டுக்குப் போனாள். லிங்கராஜ் கடையில் இருந்தார். இசக்கிசெல்வி பையனை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தாள். மெலிந்துபோயிருந்தாள். பையனும் அப்படித்தான். ஜெபிஷா லேப் முடிவைச் சொன்னாள்.

“அந்த ஆமை இல்லன்னா?” என்றாள் இசக்கிசெல்வி. “வேற எது? எங்க வீட்ல வேற ஒண்ணுமே கெடையாதே.”

“அக்கம்பக்கத்துல யாராவது குட்டி ஆமை வளக்காங்களா? பையனத் தூக்கிட்டு எங்கயாவது போனீங்களா?”

“ஆஸ்பத்திரியத் தவிர எங்கயும் போகல. நீங்களே உள்ள வந்து பாருங்க.”

ஜெபிஷா பார்த்தாள். அடுப்படி சுத்தமாக இருந்தது. பால்புட்டிகள் வெந்நீரில் கிடந்தன. கூடத்தில் ஜெயபிரியா யூனிஃபார்மோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் பேசப்பேச அவள் பென்சில் நின்றுவிட்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்து, ஒன்றும் பிடிபடாமல் ஜெபிஷா கிளம்பினாள்.

வண்டியை எடுக்கும்போது ஜெயபிரியா வாசல் கேட்டுக்கு வந்து நின்றாள்.

“டாக்டர் ஆன்ட்டி, ஆமைக்குக் கண்ணு வீங்கினா என்ன மருந்து போடணும்?”

“உங்க ஆமைக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு.”

“சும்மா கேட்டேன்.”

ஜெபிஷா சாவியை வெளியே எடுத்தாள். கண் வீங்குவது பெரிய ஆமைக்கு அவ்வளவாக வருவதில்லை. காய்ந்த இறாலை மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்குச் சத்துக் குறைந்து முதலில் அதுதான் வரும். அவள் வண்டியை விட்டு இறங்கி, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தாள்.

“கண்ணு கொஞ்சம் திறக்குதா, இல்ல முழுசா மூடிருச்சா?”

“முழுசா” என்றாள் ஜெயபிரியா. “எரை போட்டாலும் தெரிய மாட்டேங்குது. பக்கத்துல வச்சாலும் திங்கல.”

“நான் பாத்தாத்தான் மருந்து சொல்ல முடியும்.”

“அம்மாட்ட சொல்லுவீங்களா?”

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பிள்ளை உடனே எடுத்துவருவாள். ஜெபிஷா அப்படிச் சொல்லவில்லை.

“சொல்லித்தான் ஆகணும். தம்பிக்கு வந்த காய்ச்சல் அதுலேருந்து வந்திருக்கலாம். சொல்லலன்னா தம்பிக்கு இன்னொரு தடவ வரும்.”

ஜெயபிரியா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பிறகு ஜெபிஷா பின்தொடர உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய ஸ்கூல் பையை இழுத்து, அதற்குள்ளிருந்த ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். டப்பாவில் கலங்கிய தண்ணீர். அதில் ஒரு குட்டி ஆமை, இரண்டு கண்களும் வெள்ளைப் பொட்டு ஒட்டியதுபோல வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

இசக்கிசெல்வி பையனைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

“தண்ணி எங்க மாத்துவ?” என்று கேட்டாள் ஜெபிஷா.

“பாத்ரூம்ல. தம்பி குளிக்கிற டப்புல விடுவேன். அதுல நல்லா நீந்தும். அப்புறம் கழுவி வச்சிருவேன்.”

“சோப்பு போட்டா?”

“தண்ணி ஊத்தி.”

“யாரு வாங்கித் தந்தா?” இசக்கிசெல்வியின் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“சங்கரபாண்டி மாமா. பொறந்தநாளுக்கு. ஆமைன்னாலே அம்மா கத்துவா, சொல்லாதன்னு சொன்னாங்க.”

இசக்கிசெல்வி மாடிப்படியில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று ஜெபிஷா நினைத்தாள். பிள்ளையும் அப்படி நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டது. அவள் அடிக்கவில்லை. பையனை ஜெபிஷாவிடம் கொடுத்துவிட்டு, மகளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். குழாய்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது. அப்புறம் குளியல் டப்பை எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் போட்டாள். திரும்பி வந்து போனை எடுத்தாள்.

“ஏலே சங்கரா, நீ வாங்கிக் குடுத்த சாமானால எம் பிள்ள ரெண்டு தடவ ஆஸ்பத்திரில கெடந்தான்” என்றாள். எதிர்முனையில் என்ன சொன்னான் என்று கேட்காமலே வைத்துவிட்டாள்.

லிங்கராஜ் கடையிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜெபிஷாதான் சொன்னாள். அவர் டப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்க்கவில்லை.

“அப்ப நம்ம ஆமை இல்ல?”

“இல்ல அண்ணாச்சி.”

அவர் முகம் தெளிந்தது. நாளைக்கே ஒரு புதுத் தொட்டிக்குச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். ஜெபிஷா அவரை முடிக்க விடவில்லை.

“அதுகிட்டயும் கிருமி இருக்கு. வேற வகை, அவ்வளவுதான். இந்தத் தடவ அதுலேருந்து வரல. அடுத்த தடவ வராதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அஞ்சு வயசுக்குள்ள பிள்ள இருக்க வீட்ல ஆமை வேண்டாம். மாடியிலயும் வேண்டாம்.”

“மருந்து குடுத்து அந்தக் கிருமிய எடுக்க முடியாதா?”

“முடியாது. கொஞ்ச நாளு மறையும், திரும்ப வரும். மருந்துக்கு மசியாத கிருமியாவும் ஆகிரும்.”

லிங்கராஜ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். கடைக் குடோனில் வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்து, அவரே நிறுத்திக்கொண்டார். அங்கே முழுக்கக் கருப்பட்டி. தின்கிற பொருள்.

“அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

ஜெபிஷா குட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். உப்புத் தண்ணீரில் கண்ணைத் துடைத்து, வைட்டமின் மருந்தை மிகச் சிறிய அளவில் கொடுத்தாள். கூடினால் தோலே உரிந்துவிடும். விளக்கு வைத்தாள். ஒரு கண் திறந்தது. அந்தக் கண்ணால் அவள் விரலைப் பார்த்துப் பின்வாங்கக்கூடச் செய்தது. ஆனால் சாய்ந்து மிதப்பது நிற்கவில்லை. நுரையீரல் வரை சளி போயிருந்தது. அது செத்த அன்று காலையிலும் தலையை ஒருமுறை தூக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபிரியா அம்மாவோடு வந்தாள். லிங்கராஜ் பையனோடு வீட்டில் இருந்துகொண்டார். இசக்கிசெல்வி அந்தக் கிளினிக்குக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஜெபிஷா குட்டி செத்துப்போனதை நேராகச் சொன்னாள்.

ஜெயபிரியா காலி டப்பாவைப் பார்த்தாள். “நான் சரியா வளக்கலயா?”

“எரை சரியில்ல. வெயிலும் இல்ல. ஆனா கடைக்கு வரும்போதே அதுக்கு ஒடம்பு முடியாம இருந்திருக்கும். பெட்டியில அடைச்சு அவ்வளவு தூரம் வருதுல்ல.”

“தம்பிக்கு என்னாலதான வந்துச்சு?”

இசக்கிசெல்வி இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“அந்த டப்புனாலதான் வந்துச்சு” என்றாள் ஜெபிஷா. “அப்படி வரும்னு ஒனக்கு யாரும் சொல்லல. நீ கேட்டுக்கு வந்து கேக்கலன்னா, இன்னும் எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

ஜெயபிரியா அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. அம்மாவின் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

இசக்கிசெல்வி பின்னறை வாசலில் போய் நின்று பெரிய ஆமையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை போலிருந்தது. கையிலிருந்த பையை ஜெபிஷாவிடம் நீட்டினாள். உள்ளே ஒரு கட்டு அரைக்கீரை.

“அவங்க குடுத்துவிட்டாங்க. இது திங்குமாமே.”

“திங்கும்.”

“பையனுக்கு அஞ்சு வயசு ஆகுத வரைக்கும் இது உயிரோட இருக்குமா டாக்டர்?”

“நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் இருவது வருஷம் இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கலாம்.”

“இருவது வருஷமா!” இசக்கிசெல்வி ஆமையை மறுபடி பார்த்தாள். “அப்ப வீட்டுக்குத் திரும்ப இவருக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவள் அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனவள், படியிறங்குமுன் நின்று, கை கழுவ சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.